மணப்பாறையில் சொல்லாததை மதுரையில் சொல்ல முடியாது!

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் நெடுஞ்சாலையில், மணப்பாறையைத் தாண்டினால் வருகிற ஊர் வையம்பட்டி. ஊராட்சி ஒன்றிய அலுவலகம், காவல் நிலையம், சின்னதாக ஒரு ரயில் நிலையம் எல்லாம் உண்டு. கொஞ்ச தூரத்தில் பொன்னணியாறு அணை. சுற்றிலும் மழையை நம்பிய மானாவாரிக் காடுகள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறவர்தான் இங்கே பெரிய பணக்காரர்.

காலை பஸ்ஸில் மணப்பாறைக்கு ஏறுகிறவர்களில் சிலரை அவர்கள் கையில் இருக்கும் மஞ்சப்பையை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே பத்திரம், பட்டா, கந்தாயம் கட்டிய ரசீது. அன்றைக்கு அவர்களுக்குக் கோர்ட்டில் வாய்தா.

'இங்கே தோற்றால் திருச்சி, அங்கேயும் தோற்றால் மதுரை, அதற்கும் மேலே டெல்லி' என்று டீக்கடையில் பேசுவது சுலபம். அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன, எந்தப் படியில் எதைக் கேட்பார்கள் என்பது தெரிந்தவர்கள் குறைவு. வையம்பட்டியிலிருந்து புறப்படும் ஒரு வழக்கின் பின்னாலேயே போய்ப் பார்த்தால், தமிழ்நாட்டின் நீதிமன்றங்கள் மொத்தமும் ஒரு பயணமாக விரிகிறது.

ஒரு வரப்பு, ஒரு கிணறு

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி. அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர், நடுவில் ஒரு கிணறு. ஆளுக்குப் பாதி நிலம், கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் என்று அப்பா இருந்தபோதே பேசி முடித்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கூர்ச்சீட்டும் எழுதியாகிவிட்டது. அது தம்பி வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. இப்போது அண்ணன் வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார், கிணற்று முறையையும் மறுக்கிறார் என்பது தம்பியின் குறை.

தம்பி முதலில் போக வேண்டிய இடம் கோர்ட் அல்ல. எல்லை எங்கே என்பதுதான் கேள்வி என்றால், வட்டாட்சியர் அலுவலகத்தில் பணம் கட்டி, சர்வேயரை வரவழைத்து அளந்துவிடலாம். பட்டாவில் பெயர் தவறு, உட்பிரிவு செய்யவில்லை என்பவையும் வருவாய்த் துறையின் வேலைதான். தாசில்தார் உத்தரவு பிடிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன் பிறகு மாவட்ட வருவாய் அலுவலர். மணப்பாறை வட்டம் வருவது ஸ்ரீரங்கம் வருவாய்க் கோட்டத்தில். ரங்கநாதரைச் சேவிக்கப் போகிற ஊரின் பெயர், பட்டா மேல்முறையீட்டு மனுவிலும் வந்துவிடுகிறது!

ஆனால், 'இந்த நிலம் யாருக்குச் சொந்தம், கிணற்றில் யாருக்கு எவ்வளவு உரிமை' என்று கேள்வி வந்துவிட்டால் தாசில்தார் கை விரித்துவிடுவார். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உரிமைத் தகராறைத் தீர்க்கிற அதிகாரம் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. அங்கேதான் மஞ்சப்பைப் பயணம் ஆரம்பிக்கிறது.

முதல் படி: மணப்பாறை

மணப்பாறை என்றதும் முறுக்கு நினைவுக்கு வரும். 2023-ல் அந்த முறுக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மாட்டுச் சந்தைக்கும் பேர்போன ஊர். சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு முதல் கோர்ட்டும் இங்கேதான்.

ஜனங்கள் 'முன்சீப் கோர்ட்' என்பதைப் பலகையில் 'மாவட்ட உரிமையியல் நீதிமன்றம்' என்று எழுதியிருப்பார்கள். பெயரில் மாவட்டம் இருந்தாலும், உரிமையியல் வழக்குகளுக்கு இதுதான் கீழ்ப் படி. இதற்கு மேலே சப் கோர்ட் என்கிற சார்பு நீதிமன்றம். அதற்கும் மேலே மாவட்ட நீதிமன்றம். எந்தப் படியில் தாவா போடுவது என்பதை வழக்கின் பண மதிப்பு தீர்மானிக்கும். இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1873-ம் ஆண்டின் உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டம். பண வரம்பை மட்டும் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு வருகிறார்கள்.

பத்தரை மணிக்கு முன்பே வராண்டா நிறைந்துவிடும். வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்ததும் பெரியவர் ஒருவர் கேட்பார்:

"தம்பி, நம்ம கேஸ் இன்னைக்கு வருமா?"

"வரும் பெரியப்பா. பேரைக் கூப்பிட்டா உள்ள வந்து நில்லுங்க. டீ குடிக்கப் போயிடாதீங்க."

அது சாதாரண எச்சரிக்கை இல்லை. பெயரைக் கூப்பிடும்போது ஆளும் இல்லை, வக்கீலும் இல்லை என்றால் வழக்கு தள்ளுபடியாகலாம். எதிர்த்தரப்பு வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகலாம். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஆனால், அதற்கு இன்னொரு மனு, இன்னும் பல வாய்தா.

இங்கேதான் சாட்சிகள் கூண்டில் ஏறுவார்கள். பத்திரங்களுக்கு ஆவண எண் போடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். தேவைப்பட்டால் நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, சர்வேயரோடு நிலத்துக்கே அனுப்பும். வரப்பு எங்கே, கிணறு எங்கே, மோட்டார் யார் பக்கம் என்று அவர் பார்த்து வரைபடத்தோடு அறிக்கை கொடுப்பார்.

தம்பியின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிற கூர்ச்சீட்டு வெளியே வர வேண்டிய இடமும் இதுதான். அதில் பதிவு உண்டா, முத்திரைத்தாளில் எழுதியதா, எந்த அளவுக்கு ஏற்கலாம் என்றெல்லாம் கேள்வி வரும். அதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால், காட்டினால்தானே முடிவு செய்ய முடியும்? 'இந்தக் கோர்ட்டுக்கு இது போதும், மிச்சத்தை மேல்கோர்ட்டில் பார்த்துக்கலாம்' என்று நினைத்துப் பெட்டியிலேயே வைத்துவிடுவதுதான் பலர் செய்யும் பெரிய தவறு.

அதே வரப்பு, இன்னொரு வழக்கு

வரப்புச் சண்டை வாய்ச்சண்டையோடு நிற்பதில்லை. ஒரு நாள் மண்வெட்டிக் காம்பால் ஓர் அடி விழுந்துவிட்டால், அதே வரப்பிலிருந்து இரண்டாவது வழக்கு பிறந்துவிடும். இது போகும் பாதையே வேறு. தொடங்குவது வையம்பட்டி போலீஸ் ஸ்டேஷனில்.

கைது செய்து பிடித்து வைக்கத்தக்க குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் புகார் அனுப்பலாம். அங்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். கைதான எவரையும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்புச் சட்டமே அப்படிச் சொல்கிறது.

ஜே.எம். கோர்ட் என்று ஊரில் சொல்லும் நீதித்துறை நடுவர் நீதிமன்றமும் மணப்பாறையில் இருக்கிறது. முதல் வகுப்பு நடுவர் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம். மாவட்டத்தின் தலைமை நீதித்துறை நடுவர் ஏழு ஆண்டுகள் வரை. கொலை போன்ற பெரிய வழக்குகள் அமர்வு நீதிமன்றத்துக்கு, அதாவது செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். அங்கே மரண தண்டனை விதித்தாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறினாலும், இந்தப் படிகள் அப்படியேதான் இருக்கின்றன.

இரண்டாம் படி: திருச்சி

மணப்பாறையிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணம். திருச்சி கன்டோன்மென்டில் எம்.ஜி.ஆர். சிலை ரவுண்டானா அருகே பஸ் மெதுவாகும்போதே கறுப்புக் கோட்டுகள் கண்ணில் படும். மாவட்ட நீதிமன்ற வளாகம் இது.

வழக்கு கேட்பதில் திருச்சிக்கு நீண்ட பெருமை உண்டு. இன்று மாநகரின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூர்தான் முற்காலச் சோழர்களின் தலைநகரம். அங்கிருந்த அவையில் அறம் தவறாது என்று சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்தவர், பக்கத்துக் குளத்தூரில் 1826-ல் பிறந்த வேதநாயகம் பிள்ளை. பிறகு தரங்கம்பாடி, சீர்காழி, மாயவரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தார். 1879-ல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியர் இவர்தான். இங்கே சொல்ல வேண்டியது அவருடைய இன்னொரு புத்தகத்தைப் பற்றி. மேல்கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 1862-ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். தீர்ப்பு எந்த மொழியில் இருந்தாலும் வழக்காடுகிறவருக்குப் புரிய வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்திருக்கிறது.

திருச்சி வளாகத்தின் தலைவர் முதன்மை மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதி. சொத்து வழக்கைக் கேட்கும்போது அவர் மாவட்ட நீதிபதி, குற்ற வழக்கைக் கேட்கும்போது அமர்வு நீதிபதி. ஆள் ஒருவரே, தொப்பி இரண்டு. மாவட்டம் முழுவதும் உள்ள கீழ் நீதிமன்றங்களின் நிர்வாகமும் அவர் பொறுப்பு.

விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் வளர்வது போன்றவற்றுக்குக் குடும்ப நல நீதிமன்றம். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு மகிளா நீதிமன்றம். நெடுஞ்சாலையில் லாரி மோதியவருக்கு இழப்பீடு வாங்க மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். வாங்கிய மோட்டார் பம்ப் ஒரே மாதத்தில் புகைந்துபோனால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஆணையம் மட்டும் கோர்ட் படிக்கட்டில் சேராது, அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

மணப்பாறையில் தோற்ற தம்பி முதல் மேல்முறையீடு செய்யும் படி இதுதான். வழக்கைப் பொறுத்து அது சார்பு நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ நடக்கும். இங்கே கெடு 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு அது கையில் கிடைக்கும் வரை ஆகும் நாட்களை இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். ஆகவே, தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனு போடுவது புத்திசாலித்தனம். கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்க வேண்டும்.

மேல்முறையீட்டில் சாட்சிகளைத் திரும்பக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். மணப்பாறையில் பதிவான சாட்சியத்தையும் ஆவணங்களையும் வைத்துத்தான் வாதம். சாட்சி சொன்னதை முன்சீப் சரியாக எடை போட்டாரா என்று மாவட்ட நீதிபதி பார்ப்பார். புதிதாக ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தால், 'இதை ஏன் அங்கே கொடுக்கவில்லை?' என்பதுதான் முதல் கேள்வி. 'பெட்டியில் இருந்தது, மறந்துவிட்டேன்' என்பது பெரும்பாலும் எடுபடாது.

மூன்றாம் படி: மதுரை

திருச்சியிலும் முடியவில்லை என்றால் வழக்குக் கட்டு தெற்கே திரும்பும். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் மணப்பாறை, வையம்பட்டி, திண்டுக்கல் வழியாகத்தான் ஓடுகிறது. எக்ஸ்பிரஸில் போகிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்தால், எந்த ஊர் வரப்புக்காக வழக்கோ அந்த ஊர் ஸ்டேஷன் ஒரு நொடியில் கடந்து போவதைப் பார்க்கலாம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மேலூர் சாலையில், யானைமலை தெரிகிற இடத்தில் இருக்கிறது. தென் மாவட்ட மக்களும் வழக்கறிஞர்களும் பல்லாண்டு கேட்டுப் பெற்றது. 2004 ஜூலை 24-ல் 13 மாவட்டங்களுக்காகத் திறக்கப்பட்டது. அவற்றில் திருச்சியும் ஒன்று. பக்கத்திலேயே இருக்கிற பெரம்பலூர் மாவட்டம் சென்னையோடுதான். கிளை வருவதற்கு முன்னால் வையம்பட்டிக்காரர் உயர் நீதிமன்றம் போக முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்குப் போக வேண்டும். இன்று நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். காலையில் போய் ராத்திரி வீட்டில் சாப்பிடலாம். லாட்ஜ் வாடகை மிச்சம்.

இரண்டாம் மேல்முறையீட்டுக்கு இங்கே கெடு 90 நாள். ஆனால் வாசல் குறுகிவிடுகிறது. வரப்பு எங்கே இருந்தது, யார் பொய் சொன்னார்கள் என்று மதுரையில் மறுபடி அலச மாட்டார்கள். வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். இல்லை என்றால் வாசலிலேயே முடிந்துவிடும். மொழியும் மாறிவிடுகிறது. மணப்பாறையிலும் திருச்சியிலும் தமிழில் சாட்சி சொல்லலாம், தீர்ப்பும் தமிழில் எழுதலாம். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அங்கும் தமிழ் வேண்டும் என்று 2006-ல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

கீழ்ப் படிகளில் ஏறாமலே நேராக மதுரைக்குப் போகும் வழியும் ஒன்று உண்டு. அரசு அலுவலகம் சட்டத்துக்கு மாறாக நடந்தால், செய்ய வேண்டியதைச் செய்யாமல் இழுத்தடித்தால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். ஓய்வூதியம் நின்றுபோனவர், குளத்து ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லும் ஊர்க்காரர் என்று பலர் போவது இந்த வழியில்தான்.

சென்னையும் டெல்லியும்

மதுரையில் இருப்பது தனி உயர் நீதிமன்றம் அல்ல, கிளைதான். தலைமை நீதிபதியின் இருக்கை சென்னையில். 1862-ல் பணி தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றம், 1892 முதல் பாரிமுனை அருகே உள்ள செங்கட்டடத்தில் இருக்கிறது. அதன் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமும் எரிந்தது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து இதுதான் உயர் நீதிமன்றம். இங்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதி இடங்கள் 75. முன்சீப்புகளையும் மாஜிஸ்திரேட்டுகளையும் தேர்வாணையத் தேர்வு மூலம் எடுக்கிறார்கள். ஆனால், மணப்பாறை முன்சீப்பை எந்த ஊருக்கு மாற்றுவது என்பதைத் தீர்மானிப்பது அரசாங்கமோ அமைச்சரோ அல்ல, உயர் நீதிமன்றம்தான். கீழ்க்கோர்ட் நீதிபதி தைரியமாகத் தீர்ப்பு எழுத அது ஒரு பாதுகாப்பு.

அமெரிக்காவில் மாநிலச் சட்டங்களுக்கு ஒரு கோர்ட் வரிசை, மத்தியச் சட்டங்களுக்கு இன்னொரு வரிசை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உச்ச நீதிமன்றமும் உண்டு. இந்தியாவில் ஒரே ஏணிதான். மத்திய அரசின் சட்டமானாலும் மாநில அரசின் சட்டமானாலும் மணப்பாறை கோர்ட்டே விசாரிக்கும். ஏணியின் உச்சியில் டெல்லி உச்ச நீதிமன்றம். ஆனால், வரப்பு வழக்குக்கு அங்கே போவது தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. சிறப்பு அனுமதி கேட்டு, நீதிபதிகள் சம்மதித்தால்தான் கதவு திறக்கும். மேலே போகப் போகக் கட்டடம் பெரிதாகிறது, கேட்கிற கேள்வி சிறிதாகிறது.

திரும்பும் பஸ்

அண்ணன் தம்பி வழக்கு டெல்லி வரை போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எந்தக் கட்டத்திலும் இரண்டு பேரும் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில், பேசி முடித்துக்கொள்ளலாம். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. அதனால், கையெழுத்துப் போடும் முன் கிணற்று முறை எத்தனை மணி நேரம், கரன்ட் பில் யார் கட்டுவது என்பது வரை எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று உரிமையை விட்டுவிடத் தேவையில்லை. வட்ட அளவில் சட்டப்பணிகள் குழுவும், மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இருக்கின்றன. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள்.

ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்க அடையாள எண் இருக்கிறது. வக்கீலிடம் அதைக் கேட்டு வாங்கி, 'ஈகோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலியில் போட்டால், அடுத்த வாய்தா என்றைக்கு, போன தடவை என்ன நடந்தது என்று கையிலிருக்கும் போனிலேயே பார்க்கலாம். அப்பாவுக்குப் பார்க்கத் தெரியாவிட்டால் பேத்தி பார்த்துச் சொல்லட்டும். வாய்தா தள்ளிப்போனது தெரியாமல் கூலியை விட்டுவிட்டு மணப்பாறைக்குப் போய்த் திரும்பும் ஒரு நாளாவது மிச்சமாகும்.

சாயங்கால பஸ்ஸில் மஞ்சப்பைகள் வையம்பட்டிக்குத் திரும்புகின்றன. சிலர் வழியில் ஒரு பொட்டலம் முறுக்கும் வாங்கியிருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. டிரங்குப் பெட்டியை ஒரு தடவை அடி வரை கிளறிப் பார்க்க வேண்டும். கிடைக்கிற காகிதம் எதுவானாலும், அடுத்த வாய்தாவுக்கு மணப்பாறைக்கே எடுத்துப் போய் வக்கீலிடம் காட்டிவிட வேண்டும். மதுரை வரட்டும் என்று வைத்திருக்கக் கூடாது.